வத்தக்குழம்பின் மேல் விழுந்த பழி

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு கீமோதெரபி நடக்கிறது. தெம்பாக இருக்கட்டும் என்று, மருந்து ஏற்றும் நாள் காலையில் அவருக்கு ரொம்பப் பிடித்த வத்தக்குழம்பு வைத்துச் சாப்பிடவைத்து அழைத்துப் போவேன். இப்போது தாளிக்கும் வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "புளியை மாத்திட்டியா?" என்கிறார். மாற்றவே இல்லை. என் கைப்பக்குவம்தான் போய்விட்டதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கைப்பக்குவம் எங்கும் போகவில்லை. அம்மாவும் வீம்பு பிடிக்கவில்லை. மருந்தால் வந்த குமட்டலுக்கு, அதற்கு முன் வயிற்றில் இறங்கிய குழம்பின் மேல் உடம்பு பழி போட்டிருக்கிறது.

1950களில் அமெரிக்காவில் உளவியலாளர் ஜான் கார்சியா எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரோடு, உடம்பைக் கெடுக்கும் கதிர்வீச்சும் கொடுத்தார். பிறகு அவை அந்த இனிப்பை ஒதுக்கின. 1966இல் அவரும் ராபர்ட் கோலிங்கும் செய்த சோதனை இன்னும் தெளிவானது. எலி தண்ணீரை நக்கும்போதெல்லாம் சுவையோடு வெளிச்சமும் சத்தமும் வந்தன. பிறகு சில எலிகளுக்கு உடம்பு கெடும்படி செய்தார்கள், வேறு சிலவற்றுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். உடம்பு கெட்ட எலிகள் சுவையை வெறுத்தன. மின் அதிர்ச்சி பட்டவை வெளிச்சத்தையும் சத்தத்தையும் தவிர்த்தன. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துக் குமட்டினாலும் இந்த முடிச்சு விழுந்துவிடும். புத்தி சொன்னால் நாக்கு கேட்காது. பத்து வயதில் ஏற்காட்டுக்குப் போகும் வழியில் பலாச்சுளை தின்றுவிட்டு மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்தேன். பேருந்துதான் காரணம் என்று அன்றே தெரியும். இன்றுவரை பலாப்பழ வாசனை எனக்கு ஆகாது.

1978இல் உளவியலாளர் ஐலீன் பெர்ன்ஸ்டைன், புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் குழந்தைகளுக்கு முன்னதாக ஒரு புதுச்சுவை ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார். பிறகு அதைப் பெரும்பாலான குழந்தைகள் வேண்டாம் என்றார்கள். இன்னொரு ஆய்வில், சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நடுவே தனிச்சுவையுள்ள மிட்டாய் கொடுத்தபோது பழியில் ஒரு பங்கை மிட்டாய் வாங்கிக்கொண்டது.

பிடித்தமும் இதே வழியில்தான் வளர்கிறது. ஆந்தனி ஸ்கிளாஃபானி என்ற ஆய்வாளரின் எலிகள் ஒரு வாசனைத் தண்ணீரைக் குடிக்கும்போது சத்துக் கரைசல் குழாய் வழியே நேராக வயிற்றுக்குப் போனது. நாக்கில் படவே இல்லை. ஆனாலும் அந்த வாசனையையே அவை தேடிப் போயின. சுடுசோறும் நல்லெண்ணெயும் வயிற்றை நிறைத்த எத்தனையோ மதியங்களில் அம்மாவுக்கு வத்தக்குழம்பு அப்படித்தான் பிடித்திருக்கும்.

அதனால் இப்போதைக்கு அதை வற்புறுத்தாதீர்கள். மருந்து நாளுக்குப் பிடித்த பண்டம் எதுவும் வேண்டாம். இழந்தால் வருத்தப்படாத எளிய சாப்பாடு போதும். மிட்டாய் யோசனையை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்து, அம்மாவுக்கு நன்றாகப் பசிக்கிற ஒரு நாளில், ஒரு ஸ்பூன் குழம்பை மட்டும் தட்டோரமாக வையுங்கள். புளி விஷயத்தில் அவரோடு வாதாட வேண்டாம்.