180 வளைவுகளும் ஒரு கோழிக்குழம்பும்

கேள்வி: ஓசூரிலிருந்து நண்பர்கள் எட்டுப் பேர் வேன் பிடித்துக் கிளம்புகிறோம். சனி காலை ஒகேனக்கலில் பரிசல், மீன் வறுவல், மாலை ஏற்காடு, ஞாயிறு கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிக் குளியல், இரவே ஊர் திரும்புகிறோம். சாப்பாடு, இயற்கை, சாகசம் மூன்றும் கிடைத்துவிடும் அல்லவா? புளியஞ்சோலையிலிருந்து காட்டுக்குள் நடந்தே கொல்லிமலைக்கு ஏறலாம் என்கிறான் ஒருவன். முயலலாமா?

பதில்: ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. போன வழியே இறங்கினால் மொத்தம் 180. சுற்றுலா என்ற பெயர் இதற்குப் பொருத்தம்தான். ஸ்டியரிங் நன்றாகச் சுற்றும். நீங்கள் எட்டுப் பேரும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி உட்கார்ந்திருப்பீர்கள்.

ஒகேனக்கலை வெட்டுங்கள். ஓசூர்க்காரர்களுக்கு அது காலையில் போய் மாலையில் திரும்புகிற இடம். மீனை வாங்கி அங்கே சமைத்துத் தரும் பெண்களிடம் கொடுத்துவிட்டு, பரிசலில் போய் வந்து சாப்பிட ஒரு முழு ஞாயிறு வேண்டும். ஏற்காட்டையும் வெட்டுங்கள். இரண்டு நாளையும் கொல்லிமலைக்கே கொடுங்கள்.

சாகசம் கேட்டீர்களே, அறப்பளீசுவரர் கோயில் பக்கத்தில் காத்திருக்கிறது: ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். மற்ற மலைகளில் முதலில் ஏறுவோம், திரும்பும்போது இறக்கம். இங்கே தலைகீழ். ஏறத்தாழ 300 அடியிலிருந்து விழும் ஐயாற்றில் ஆசைதீரக் குளித்து, பசி வயிற்றைக் கிள்ளும் நேரத்தில்தான் ஏற்றமே ஆரம்பிக்கும். அதனால் காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு முன்பே மேலே ஒரு வீட்டுச் சாப்பாட்டுக் கடையில் நாட்டுக்கோழிக் குழம்புக்குச் சொல்லிவிடுங்கள். நீங்கள் மூச்சு வாங்கி மேலே வரும்போது குழம்பு கொதித்திருக்கும். சொல்லாமல் போய் இரண்டு மணிக்குக் கேட்டால், தீர்ந்துவிட்டது என்பார்கள்.

வழியில் முடவாட்டுக்கால் சூப் விற்பார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு செடியின் கிழங்கு அது. மேலே ரோமம் போர்த்தி ஆட்டுக்கால் போலவே இருக்கும். மிளகும் சீரகமும் மணக்க, குளிருக்கு இதமாக இறங்கும். மூட்டு வலி பறந்துவிடும் என்று சொல்வார்கள். அதற்கு நான் பொறுப்பல்ல. மூட்டை வலிக்கவைக்கும் படிக்கட்டிலேயே கடை போட்ட வியாபார மூளையை மட்டும் மெச்சுகிறேன்.

ஞாயிறு காலை மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் மிளகும் அன்னாசியும் வாங்கலாம். வைகாசி, ஆனி என்றால் பலாப்பழம். முட்டி மக்கர் செய்கிறவர்களுக்கு மாசிலா அருவி போதும். கோடையில் தண்ணீர் மெலிந்துவிடும். வெள்ளம் வந்தால் குளிக்க விடமாட்டார்கள். ஆடி 17, 18-இல் வல்வில் ஓரி விழா, கூட்டம் அலைமோதும். அப்போது போனால் தங்க இடத்தை முன்பே பிடித்துவையுங்கள்.

அப்புறம் உங்கள் நண்பரின் காட்டுவழி. வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இருந்தால் பேசலாம், இல்லையென்றால் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் மாண்டதை மறந்துவிட்டாரா? வனத்துறையே 2024-இல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்திருக்கிறது. நடந்தே தீரவேண்டும் என்கிறவர் அதில் ஒன்றைப் பதிவு செய்யட்டும்.

கடைசியாக, உங்கள் திட்டத்தில் வேன் ஓட்டுகிறவர் தூங்க எங்குமே நேரம் இல்லை. சனி இரவு அவருக்கும் ஓர் அறை போடுங்கள். ஞாயிறு வெளிச்சம் இருக்கும்போதே மலையை விட்டு இறங்கிவிடுங்கள். கோழிக்குழம்புக்குச் சொல்லும்போது ஒன்பது சாப்பாடு என்று சொல்லுங்கள்.