முப்பத்தேழு வயதில் டர்பனுக்கு வரலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். வயது முப்பத்தேழு, தென்னாப்பிரிக்காவில் டர்பனில் கணக்கு வேலை கிடைத்திருக்கிறது, கூடப் படித்தவர்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டார்கள், இனி வந்து அடியிலிருந்து ஆரம்பித்தால் சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை எவ்வளவு, பையனுக்கு எந்தப் பள்ளி, ராத்திரி நடமாடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகையை வந்து விசாரித்துக்கொள்ளலாம். ராத்திரி நடக்காதீர்கள், காரில் போங்கள். சர்டிஃபிகேட்டுகளை சாக்வா என்கிற தகுதி ஆணையத்தில் சரிபார்க்கச் சொல்வார்கள், அதை ஊரிலிருந்தே ஆரம்பித்துவிடுங்கள். அந்த வயசு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் 2003-ல் வந்தபோது முப்பத்தைந்து. பி.காம்., அதுவும் அரியர் வைத்து முடித்தது. துணிக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கீப்பர். முதல் வாரம் மேலாளர் "ஜஸ்ட் நவ்" வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டாக் புத்தகத்தோடு ஷட்டர் பக்கத்திலேயே நின்றேன். ஒன்றரை மணி நேரம். பேல் தூக்குகிற பையன்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இந்த ஊரில் "ஜஸ்ட் நவ்" என்றால் அப்புறமாக, எப்பவாவது என்று அர்த்தம். டிராஃபிக் சிக்னலுக்குப் பேர் ரோபோ. "அடுத்த ரோபோவில் திரும்பு" என்றார்கள், நான் பொம்மை ஏதாவது நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களே! அந்த வெட்கத்திலேயே எனக்கு ஆறு வருஷம் போய்விட்டது.

கிடங்கில் கணக்குப் பார்த்தவர் ஒரு மூட்லி பெரியவர். நம்ம ஊர் முதலிதான் இங்கே மூட்லி. தமிழ் பேச வராது. "வணக்கம்", "ஆயா", மனப்பாடமாக ஒரு தேவாரம், அவ்வளவுதான். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் இவரைப் போல தமிழ் வராதவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்கு அது கட்டோடு பிடிக்காது. 1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த முதல் கப்பலான ட்ரூரோவில் வந்து இறங்கி, கரும்புத் தோட்டத்தில் முதுகு உடைந்தவர்களின் வம்சம் இது. இன்னும் ஆடியில் கூழ் ஊற்றுகிறார்கள். புனித வெள்ளிக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் பக்கம் போனால் நிற்க இடம் இருக்காது. உதட்டைப் பிதுக்குகிறவர் கடைசியாக எப்போது கூழ் ஊற்றினாராம்?

அந்தப் பெரியவர், கால் ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றிய பன்னி சவ்வைப் பிட்டுக்கொண்டே ஒருநாள், மேலே படிக்கக் கூடாதா என்று கேட்டார். நாற்பத்தொன்று ஆகிவிட்டது என்றேன். பதில் பேசவில்லை. மறுநாள் யூனிசா விண்ணப்பம் என் மேசையில் இருந்தது. பென்சிலால் என் பெயரை எழுதி வைத்திருந்தார், எழுத்துப் பிழையோடு. யூனிசா தபால்வழிப் பல்கலைக்கழகம். 1940களில் ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முடிக்காமல் போன சட்டப் படிப்பை மண்டேலா சிறையிலிருந்தபடியே 1989-ல் முடித்தது இங்கேதான். அப்போது அவருக்கு எழுபதுக்கு மேல். எனக்கு ஏழு வருஷம் இழுத்தது. ஆடிட்டிங் பாடத்தை மட்டும் மூன்று தடவை எழுதினேன்.

இப்போது சனிக்கிழமை காலையில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். முதல் வருஷம் கணக்கை விட என் சுயசரிதையைத்தான் அதிகம் நடத்தினேன். பதினொரு பேர் நாலு பேர் ஆனார்கள். பாதிப் பிரசங்கத்தில் ஒரு பெண் எழுந்து, "அங்கிள், எட்டாவது கணக்கு போடலாமா?" என்றாள். அன்றோடு நிறுத்தினேன்.

உங்கள் பையனுக்கு ஒரு விஷயம். பத்தாம் கிரேடில் மேத்ஸா, மேத்ஸ் லிட்டரசியா என்று கேட்பார்கள். இரண்டாவது சுலபம், மார்க் வரும், ஆனால் பின்னால் இன்ஜினியரிங் பக்கம் போக முடியாது. தெரிந்து எடுத்தால் சரி. மார்க் ஆசையில் தள்ளிவிடாதீர்கள். அதே மாதிரி, டாக்டர் டாக்டர் என்று உயிரையும் எடுக்காதீர்கள். நம்மவர்களுக்கு அது ஒரு வியாதி. என் வகுப்பில் ஒருவன் தூங்கி விழுவான், நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். மெட்ரிக்கில், இங்கே அது பன்னிரண்டாம் கிரேடு, கணக்கு போய்விட்டது. கல்லூரியில் டீசல் மெக்கானிக் சேரச் சொன்னதற்கு அவன் அப்பா என்னோடு நாலு மாதம் பேசவில்லை. ஒர்க்‌ஷாப்பில் கை பழகி, இருபத்தாறு வயதில் டிரேட் டெஸ்ட் என்கிற தொழில் தேர்வைப் பாஸ் செய்தான். இப்போது சொந்த பக்கி வைத்திருக்கிறான். நம்ம ஊரில் பிக்கப் வண்டி என்போமே, அது.

போன சனிக்கிழமை என் காருக்கு பிரேக் பேட் மாற்றித் தருகிறேன் என்றான். எட்டு மணிக்குப் போன் செய்தேன். "ஜஸ்ட் நவ், அங்கிள்" என்றான். நான் வாசலுக்குப் போகவில்லை. டீ போட்டுக் குடித்துவிட்டு இட்லிக்கு அரிசி ஊறப் போட்டேன்.