பேசுகிறவர் வாய்க்குப் பொருந்த எழுதுவது: மேடை உரை கேள்வி பதில்

புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் மக்கள் பிரதிநிதிகளுக்கு உரை தயாரித்துக் கொடுப்பவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி (கடலூர் முதுநகர்): சார், தலைவர் பத்து நிமிஷம் பேசணும்னு சொல்லியிருக்காங்க. எத்தனை பக்கம் எழுதணும்?

பக்கத்தை விட்டுவிட்டுச் சொற்களை எண்ணுங்கள். மேடையில் நிதானமாகத் தமிழ் பேசுபவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 முதல் 100 சொல் வரை பேசுவார். விளிப்புக்கும் கைதட்டலுக்கும் ஒன்றரை நிமிடமாவது போய்விடும். ஆகவே 700, 750 சொல் போதும். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் அவருடைய பழைய காணொளியில் ஐந்து நிமிடத்தை எழுத்தில் இறக்கி எண்ணிப் பாருங்கள். ஆளுக்கு ஆள் கணக்கு மாறும்.

கேள்வி (வில்லியனூர்): நான் எழுதிக் கொடுத்ததை எங்க எம்.எல்.ஏ. வாசிச்சா, வேற யாரோ பேசற மாதிரி இருக்கு. என்ன பண்றது?

பெரும்பாலும் துறையிலிருந்து வந்த குறிப்பை அப்படியே உரையில் ஒட்டுவதால் வருவது இது. "வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வின் அடிப்படையில் தயாரிக்கப்பட்ட திட்டத்தின்கீழ் வடிகால்கள் தூர்வாரப்பட்டு வருகின்றன" என்பது கோப்புக்குச் சரி. தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். அதுவரை காத்திருக்கப் பந்தலில் உட்கார்ந்திருப்பவருக்குப் பொறுமை இருக்காது. "வெள்ளம் புகுந்த தெருக்களை நேரில் பார்த்தோம். திட்டம் போட்டோம். இப்போது வடிகால்களைத் தூர்வாருகிறோம்" என்று உடையுங்கள். ஒரு வாக்கியம் பத்துப் பன்னிரண்டு சொல்லைத் தாண்ட வேண்டாம்.

இப்படி மாற்றும்போது ஒரு பொறுப்பும் வந்து சேர்கிறது. "தூர்வாரப்பட்டு வருகிறது" என்பதில் யார், எப்போது என்பது மறைந்திருக்கும். "தூர்வாருகிறோம்" என்றால் வேலை உண்மையிலேயே தொடங்கியிருக்க வேண்டும். உதவிப் பொறியாளரிடம் கேட்டு உறுதி செய்யாமல் அந்த வரியை வைக்காதீர்கள். மேடையில் நின்று பதில் சொல்லப்போகிறவர் உங்கள் எம்.எல்.ஏ.தான்.

பிறகு அவரை ஒருமுறை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நாக்கு தடுக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு அந்தச் சொற்களை மாற்றுங்கள். ஒருவருக்கு "ஒருங்கிணைக்கப்பட்டவற்றிற்கு" வராது. இன்னொருவருக்கு ழகரம் வராது. அவரைத் திருத்த முயலாதீர்கள், தாளைத் திருத்துங்கள். அவர் "மக்கள்" என்பாரா, "சனங்க" என்பாரா, "தாய்மார்களே" என்பாரா என்பதையும் காணொளியிலிருந்தே எடுக்கலாம்.

கேள்வி (முத்தியால்பேட்டை): ஆகஸ்ட் 15 உரைக்குத் தமிழ்நாட்டுல எழுதின மாதிரி ஒண்ணை எடுத்து ஊர்ப் பேரை மட்டும் மாத்தினா போதுமா அண்ணா?

போதாது. 1947 ஆகஸ்ட் 15 அன்று புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. "அன்று இந்த மண் விடுதலை பெற்றது" என்று எழுதினால் முன்வரிசையில் இருக்கும் மூத்த தியாகிகளின் குடும்பத்தார் முகம் சுளிப்பார்கள். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள்; 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. ஆகஸ்ட் 15 உரையில் "நாடு விடுதலை பெற்ற நாள்" என்று சொல்லிவிட்டு, நம் ஊர் அதற்குப்பின் ஏழு ஆண்டு காத்திருந்ததை இரண்டு வரியில் சேர்த்தால் அது இந்த ஊருக்கான உரையாகும்.

விழா கடற்கரைச் சாலையில் என்றால் காற்றையும் யோசியுங்கள். கனமான தாள், மேலே கிளிப். ஒலிபெருக்கிகளை நூறு மீட்டர் தள்ளித்தள்ளிக் கட்டியிருந்தால், தொலைவிலிருப்பதன் ஒலி ஏறத்தாழ 0.3 நொடி தாமதித்து வந்து அடுத்த சொல்லின் மேல் விழும். அங்கே சிறு வாக்கியமும் இடைவெளியும்தான் காப்பாற்றும்.

கேள்வி (நெய்வேலி): தாளை எப்படி அடிக்கணும்?

எழுத்து 20 புள்ளி, வரி இடைவெளி ஒன்றரை, ஒருபக்கம் மட்டும். தாளின் கீழ் மூன்றிலொரு பங்கை வெறுமையாக விடுங்கள். கீழே வரை வாசித்தால் தலை குனிந்து குரல் மைக்கை விட்டு விலகும். வாக்கியம் பக்கம் தாண்டக் கூடாது. ஸ்டேப்ளர் வேண்டாம், பக்க எண் பெரிதாக. தொகைகளை வாயால் சொல்கிறபடி எழுதுங்கள்: "ரூ.12.5 கோடி" அல்ல, "பன்னிரண்டரை கோடி ரூபாய்". ஒரு பத்தியில் ஒரு எண்ணுக்கு மேல் காதில் தங்காது.

கேள்வி (காரைக்கால்): "அவர்களே, அவர்களே"ன்னு விளிப்பே நாலு நிமிஷம் ஓடுது...

முதன்மையான ஐந்து ஆறு பேரைப் பெயரும் பதவியும் சொல்லி, மற்றவர்களை "மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே" என்று சேர்த்துவிடுங்கள். வரிசை அழைப்பிதழில் உள்ளபடி. பட்டியலைத் தனித் தாளில் வையுங்கள், ஏனென்றால் கடைசி நேரத்தில் ஒருவர் வராமல் போவார், அழைக்காத ஒருவர் வருவார். விழா தொடங்கும் முன் மேடைப் பொறுப்பாளரிடம் கேட்டுத் திருத்துங்கள். முன்னெழுத்து தப்பினால்கூட வருத்தம் நீண்ட நாள் நிற்கும்.

கேள்வி (பாகூர்): மேற்கோள் எத்தனை வைக்கலாம்?

ஒன்று, அதுவும் மூலத்தில் பார்த்த பிறகு. "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்பதைக் குறள் என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. அது கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192ஆம் பாடல். அவையில் ஒரு தமிழாசிரியராவது இருப்பார்.

கேள்வி (லாஸ்பேட்டை): மாஹே, ஏனாம் போனா அவங்க மொழில ரெண்டு வரி பேசலாமா?

பேசலாம். ஆனால் மலையாளத்தையோ தெலுங்கையோ தமிழெழுத்தில் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, க-வும் ப-வும் எப்படி ஒலிக்க வேண்டுமென்று தெரியாது. அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, உரையாற்றப் போகிறவரைக் கேட்க வையுங்கள்.

கேள்வி (குறிஞ்சிப்பாடி): பிரச்சார வேன்ல பேச முழு உரை தேவையா ஐயா?

தேவையில்லை. உள்ளங்கை அளவு அட்டை: ஊர்ப் பெயர், அந்த ஊரின் ஒரே ஒரு பிரச்சினை, ஒரே ஒரு வாக்குறுதி, வேட்பாளர் பெயர், சின்னம். மூன்று நிமிடம். கூட்டம் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும் என்பதால் பெயரும் சின்னமும் தொடக்கத்திலும் முடிவிலும் வர வேண்டும். சாதி, மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்கும் வரி எதையும் எழுதாதீர்கள். வெற்றியையே செல்லாததாக்கக்கூடிய குற்றம் அது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரச்சாரம் ஓய்ந்துவிடும்.

கேள்வி (பண்ருட்டி): இரங்கல் கூட்டத்துக்கு?

மூன்று நிமிடம். மறைந்தவர் பெயர், வயது, உறவுமுறைகளை வீட்டாரிடம் கேட்டு எழுதுங்கள். இறப்பின் காரணத்தை அவர்கள் விரும்பினால் மட்டும் சொல்லலாம். அவர் செய்த ஒரு குறிப்பான நற்செயல் போதும். பேசுபவரின் சாதனை ஒரு வரிகூட வரக் கூடாது.

கேள்வி (நெல்லிக்குப்பம்): பத்திரிகைக்காரங்களுக்கு முன்னாடியே காப்பி கொடுக்கலாமா சார்?

கொடுக்கலாம், மேலே "பேசும்போது மாறுதலுக்கு உட்பட்டது" என்று அச்சிட்டு. பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். தாளில் இல்லாத வாக்குறுதி எதையாவது அவர் சொல்லியிருந்தால் அன்று மாலையே அதை எழுதி, நேர்முக உதவியாளரிடமும் துறை அலுவலரிடமும் கொடுத்துவிடுங்கள்.