பெரியம்மாவின் கூலி யார் கணக்கில்?

கேள்வி: எனக்கு வயது 27. மண்டபம் பக்கம் ஒரு கடல் உணவு ஏற்றுமதிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்த முதல் வாரம், தூத்துக்குடிக்கு அனுப்பிய கணவாய் லோடு கெட்டுப்போய்த் திரும்பி வந்தது. வண்டி கிளம்பும் முன் வெப்பநிலை பார்க்காமலே பதிவேட்டில் எழுதியிருந்தேன். ஐஸ் போட்ட எங்கள் தெருப் பெரியம்மாவுக்கு இரண்டு வாரக் கூலியைப் பிடித்துவிட்டார்கள், அது வேறு விஷயம். இப்போது இண்டர்வியூ போகிற இடமெல்லாம், 'முந்தைய வேலையில் செய்த தவறு என்ன, அதிலிருந்து என்ன கற்றீர்கள்?' என்று கேட்கிறார்கள். வாய் கட்டிப்போகிறது. 'எல்லா வேலையையும் நானே இழுத்துப்போட்டுச் செய்வதுதான் என் தவறு' என்று சொல்லச் சொல்கிறான் நண்பன். வியாழக்கிழமை இன்னொரு இண்டர்வியூ. என்ன சொல்லட்டும்?
- வாசகர், பாம்பன்

பதில்: பெரியம்மா கூலி எப்படித் தம்பி வேறு விஷயம் ஆகும்?

ஜூன் 14-ம் தேதியோடு தடை முடிகிறது. 61 நாள் கரையில் கிடந்த விசைப்படகுகள் சேர்ந்தாற்போல் கடலுக்குப் போய், சேர்ந்தாற்போல் திரும்புகின்றன. ஐஸுக்கு அடிதடி. நம் வெயிலுக்கு ஒரு கிலோ சரக்குக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது கணக்கு. அந்த வாரத்தில் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்? கொடுத்த ஐஸைத்தான் பெரியம்மா போட்டிருப்பார். போதுமா போதாதா என்று பார்க்கத்தானே உங்கள் கையில் தெர்மாமீட்டர்? பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டிய கணவாய் பத்து டிகிரியில் வண்டி ஏறினால், வெள்ளைச் சதை சிவப்பேறி, விரலில் பிசுபிசுத்துக்கொண்டுதான் போய் இறங்கும்.

நீங்கள் யோசிக்காத இடம் ஒன்று இருக்கிறது. பார்க்காமல் விட்டதோடு நிறுத்தியிருந்தால் பதிவேட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்திருக்கும், கேள்வி உங்களிடம் வந்திருக்கும். நீங்கள் ஒரு நல்ல எண்ணை எழுதிவைத்தீர்கள். சூப்பர்வைசர் கணக்கு சரியாக இருக்கிறது, அப்படியானால் ஐஸ் போட்டவள்தான் ஏமாற்றினாள் என்று ஆகிவிட்டது. அந்தக் கூலியைப் பிடித்தது கம்பெனி இல்லை, உங்கள் பேனா.

தெருவில் பெரியம்மா என்று கூப்பிடுகிற வாய், ஆபீஸில் மூடிக்கொண்டது. உறவு சொல்லிக் கூப்பிட்டால் உறவுக்கு உண்டானதைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், அது நேர்மை. உங்கள் அம்மாவுக்கு இது தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

நண்பனின் யோசனையைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் காலையிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். அதுவும் இந்தத் தொழிலில். சுவரில் ஹசாப் (HACCP) என்கிற உணவுப் பாதுகாப்பு விதிகளை ஒட்டிவைத்திருப்பார்களே, அதற்கு உயிரே இந்தப் பதிவேடுதான். வெளிநாட்டுக்காரன் நம் கடலைப் பார்த்ததில்லை, பதிவேட்டைத்தான் பார்க்கிறான்.

இந்தக் கேள்விக்கு இரண்டு நிமிஷம் போதும். என்ன நடந்தது, அதில் உங்கள் பங்கு என்ன, அதனால் யாருக்கு நஷ்டம், பிறகு என்ன செய்தீர்கள். தடைக்காலம், கூட்டம், ஐஸ் தட்டுப்பாடு எல்லாம் ஒரே வாக்கியத்தில் முடியட்டும். பழைய கம்பெனியைத் திட்டாதீர்கள், சரக்கு யாருக்குப் போனது என்றும் சொல்லாதீர்கள். அப்புறம் அங்கே இருந்த நாட்களில் லோடு ஏற்றும் முறையில் எதையாவது மாற்றியிருந்தால் சொல்லுங்கள். மாற்றாததை மாற்றியதாகச் சொன்னால், 'எப்படி மாற்றினீர்கள்?' என்ற அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

உங்களுக்கு வாய் கட்டிப்போவது பயத்தால் இல்லை. 'பிறகு என்ன செய்தீர்கள்?' என்பதற்குச் சொல்ல உங்களிடம் ஒன்றும் இல்லை. அதை வியாழனுக்குள் உண்டாக்கிக்கொள்ளுங்கள். பழைய மேனேஜரைப் பார்த்து, அந்த எண் நான் பார்க்காமல் எழுதியது, அந்த அம்மா மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள். எழுதியும் கொடுங்கள். இதை இண்டர்வியூவில் சொன்னால் வேலை கிடைக்காமல் போகாதா என்பீர்கள். போகலாம். சம்பளம் வாங்கிய ஆள் நீங்கள், நாலு மாதம் தாங்குவீர்கள். தினக்கூலிக்காரி இரண்டு வாரம் எப்படித் தாங்கினாள் என்று கேட்டீர்களா?

அந்த இரண்டு வாரக் கூலிப் பணத்தை எடுத்துக்கொண்டு, அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போங்கள். 'விடுப்பா, போனது போச்சு' என்பார். அதைச் சாக்காக வைத்துப் பணத்தோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.