பழைய டெஸ்க்டாப்புக்குப் புது கிராபிக்ஸ் கார்டா? முதலில் எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படியுங்கள்

கேள்வி (சேலம்): என்னிடம் ஐ5-4590 பிராசசர், எச்81 போர்டு, இரண்டு 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க் உள்ள டெஸ்க்டாப் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு மின்சாரம் தரும் பெட்டி) கேபினெட்டோடு வந்தது, '450 வாட்' என்று போட்டிருக்கிறது. ஜிடிஏ 5, வாலரண்ட் ஆட வேண்டும். கடையில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். கார்டு மட்டமானது என்பதற்காகச் சொல்லவில்லை, உங்கள் பெட்டிக்கு அது ஒத்துவராது.

அந்தக் கார்டு போர்டோடு பேசுவது நான்கு பாதைகளில் (லேன்) மட்டும். கார்டு செருகும் ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 தரத்தில் உள்ள புதுப் போர்டில் அது போதும். எச்81இல் இருப்பது 2.0. ஒரு பாதையின் வேகம் அங்கே நான்கில் ஒரு பங்குதான். கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் மிச்சத்தை ரேமிலிருந்து அந்தக் குறுகிய வழியாகத்தான் இழுக்க வேண்டும். அப்போது ஆட்டம் விக்கி விக்கி ஓடும். ஆர்எக்ஸ் 6400 கார்டுக்கும் இதே கதைதான். உங்கள் போர்டுக்கு 16 பாதை உள்ள ஜிடிஎக்ஸ் 1650 அல்லது 8 பாதை உள்ள ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி பொருந்தும். பின்னது 70 வாட்தான் கேட்கும். ஸ்லாட்டே 75 வாட் தரும் என்பதால் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி மின் இணைப்பு தேவைப்படாது.

அடுத்து எஸ்எம்பிஎஸ். பக்கவாட்டு மூடியைக் கழற்றி லேபிளைப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் '450'ஐ விட்டுவிட்டு, 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கேபினெட்டோடு வருகிற பலவற்றில் 16, 18 என்றுதான் இருக்கும். 18 என்று வைத்துக்கொண்டால் 12 × 18 = 216 வாட். உங்கள் பிராசசர் 84 வாட், 6500 எக்ஸ்டி 107 வாட், போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 45 வாட். மொத்தம் 236, தாங்கக்கூடிய 216ஐ விட அதிகம். இப்படிப்பட்ட பெட்டி ஆன் ஆகும், விண்டோஸும் ஓடும். ஆட்டம் சூடுபிடிக்கிற நேரத்தில் திரை கறுத்து, தானே ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' (மெஷின் முறையாக மூடாமல் நின்றது) என்று ஒரு வரி மட்டும் பதிவாகியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பலர் கார்டைத்தான் மாற்றக் கொண்டு ஓடுகிறார்கள். லேபிளில் 12வி1, 12வி2 என இரண்டு கட்டம் இருந்தால் இரண்டையும் கூட்டிக் கணக்குப் போடாதீர்கள். சேர்த்து எவ்வளவு என்று தனியே எழுதியிருக்கும், அதுதான் கணக்கு.

எந்த வரிசையில் வாங்குவது? முதலில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 480 ஜிபியாவது இருக்கட்டும். எச்81 போர்டுகளில் பொதுவாக எம்.2 ஸ்லாட் கிடையாது, ஆகவே அதில் செருகும் என்விஎம்ஈ எஸ்எஸ்டி வாங்கிவிடாதீர்கள். நான்கு சாட்டா போர்ட்டுகளில் இரண்டுதான் 6 ஜிகாபிட் வேகம் உள்ளவை, எஸ்எஸ்டியை அவற்றில் ஒன்றில் மாட்டுங்கள். விண்டோஸ் ஏற்றும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் பூட் கோப்புகள் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதம் கழித்து அதைக் கழற்றுகிற அன்று மெஷின் எழும்பாது.

இரண்டாவது, 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்; மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) தரத்தில் 550 வாட் எஸ்எம்பிஎஸ். மூன்றாவதாகத்தான் கார்டு. ரேமில் காசு போடாதீர்கள். உங்கள் போர்டுக்கான டிடிஆர்3 ரகம் அடுத்த போர்டில் உட்காராது. எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கார்டு மூன்றும் நாளை புதுப் போர்டு வாங்கினாலும் கூடவே வரும்.

வாலரண்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. நான்காம் தலைமுறை இன்டெல் பிராசசர் விண்டோஸ் 11இன் பட்டியலில் இல்லை. 'பைபாஸ் பண்ணி 11 ஏற்றித் தருகிறோம்' என்று கடையில் சொல்வார்கள், ஏறவும் ஏறும். ஆனால் விண்டோஸ் 11இல் வாலரண்ட் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளோடு மட்டுமே மெஷினைத் தொடங்கும் ஏற்பாடு) இரண்டையும் கேட்கும். அவை இல்லாவிட்டால் ஆட்டத்துக்குள்ளேயே விடாது. வாலரண்டுதான் முக்கியம் என்றால் கார்டை நிறுத்திவைத்து, போர்டு-பிராசசருக்குச் சேமிப்பதே சரி.

கேள்வி (கோவை): நான்கு மேசை திறந்து ஆன்லைன் போக்கர் ஆட வேண்டும். ரைசன் 3 2200ஜி, ஒரே 8 ஜிபி ரேம், 19 அங்குல மானிட்டர் வைத்திருக்கிறேன். நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் முடியும் என்கிறார் கடைக்காரர்.

பதில்: கார்டு விற்க வேண்டும் என்பது அவர் கவலை. போக்கர் மென்பொருள் வரைவது தட்டையான மேசைப் படம், நகர்கிற சில்லுகள், அவ்வளவுதான். 2200ஜி பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகா 8 கிராபிக்ஸ் அதற்குத் தாராளம். சீட்டுக் கலைப்பது நிறுவனத்தின் சர்வரில். உங்கள் மெஷின் எவ்வளவு வேகமானாலும் வருகிற சீட்டு மாறாது.

குறை மானிட்டரில் இருக்கிறது. 19 அங்குலத் திரை 1366 × 768 ஆக இருந்தால், நான்காகப் பிரித்தபின் ஒரு மேசைக்கு 683 × 384 பிக்சல். பந்தயத் தொகையைப் படிக்கவே கண்ணைச் சுருக்க வேண்டும், தவறான பொத்தானை அமுக்குவதும் அதனால்தான். 24 அங்குலம் 1920 × 1080 என்றால் ஒரு மேசைக்கு 960 × 540. 27 அங்குலம் 2560 × 1440 வாங்கினால் 1280 × 720 கிடைக்கும். 27 அங்குலத்திலேயே 1080 மாடலும் விற்கிறது. அளவு பெரிதாகுமே தவிர, இடம் கூடாது.

அடுத்தது ரேம். இன்னொரு 8 ஜிபி ஒன்றைப் போட்டு இரண்டு சேனலாக்குங்கள். வேகா 8க்குச் சொந்த நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பங்கு போடுகிறது. ஆகவே இரண்டு குச்சி போட்டதும் சின்னச் சின்ன விளையாட்டுகளில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்றில் மாட்டுங்கள், பொதுவாக இரண்டாவதும் நான்காவதும். 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டதால் இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள்.

பின்னாளில் பிராசசர் மாற்றினால் ரைசன் 5 5600 வேறு, 5600ஜி வேறு என்பதை மறக்காதீர்கள். ஜி இல்லாததைப் போட்டால் தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. பழைய பிராசசரைக் கழற்றும் முன்பே பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்துவிடுங்கள். கழற்றிய பிறகு நினைவு வந்தால், மறுபடி பழையதை மாட்டி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

போக்கரில் உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது இணைப்பு அறுந்துபோவது. வைஃபையை விட்டு லேன் கேபிள் இழுங்கள். கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் வைத்துவிட்டு ரவுட்டரை நேரே சுவரில் செருகி வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். கரண்ட் போனால் மெஷின் ஓடும், நெட் இருக்காது. ரவுட்டருக்கு 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் தனியாகக் கிடைக்கிறது, அடாப்டரில் உள்ள ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள்.

இத்தனைக்கும் முன் ஒன்று: பணம் வைத்து ஆடத்தான் இந்தச் செலவு என்றால் நிறுத்துங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் அவற்றுக்கு வங்கிகள் வழியாகப் பணம் போவதையும் தடை செய்கிறது. திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பழைய வாதத்துக்கு அதில் இடமில்லை. இங்கிருந்த பெரிய தளங்கள் அந்த மாதமே பண ஆட்டத்தை மூடின. இன்னும் 'ஆடலாம்' என்று டெலிகிராமில் இணைப்பு அனுப்புகிறவரிடம் பணம் சிக்கினால், நேரில் போய்க் கேட்க அந்தத் தளத்துக்கென்று ஓர் அலுவலகம் இருக்காது. இலவசச் சில்லுகளில் ஆடுவதானால் மேலே சொன்ன மானிட்டரும் ரேமும் போதும்.

கேள்வி (சென்னை): ரிச்சி தெருவில் அலுவலகத்திலிருந்து வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ், ஐ5 ஆறாம் தலைமுறை, மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி கேமிங்குக்கு மாற்றலாமா?

பதில்: பெட்டியின் உடம்பைப் பொறுத்தது. ஒல்லியான எஸ்எஃப்எஃப் பெட்டி என்றால் அரை உயரக் கார்டுதான் நுழையும். அதற்குத் தேர்வும் குறைவு, விலையும் கூடுதல். டவர் வடிவம் என்றால் பரவாயில்லை. ஆனால் இந்த பிராண்டட் போர்டுகளில் பலவற்றுக்கு வழக்கமான 24 முனைக் கேபிள் பொருந்தாது. டெல், ஹெச்பி, லெனோவா ஒவ்வொன்றும் தனி முனை வைத்திருக்கும். வெளியிலிருந்து எஸ்எம்பிஎஸ் போட மாற்று கேபிள் தேவை, சில பெட்டிகளில் அளவும் ஒட்டாது. ஆகவே உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ் தாங்குகிற 75 வாட்டுக்கு உட்பட்ட கார்டோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் வாங்குங்கள். 'பிறகு எட்டாம் தலைமுறை பிராசசர் போட்டுக்கலாம்' என்று சொன்னால் நம்ப வேண்டாம். சாக்கெட் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், வேலை செய்யாது.

அதே தெருவில் பழைய கார்டு வாங்கினால், அங்கேயே மாட்டி கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள். பழைய சிப்பில் புதுப் பெயரை ஏற்றிய கார்டென்றால் பெரும்பாலும் அதில் 'ஃபேக்' என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆர்எக்ஸ் 580 என்று கொடுத்தால் ஷேடர் (கார்டுக்குள் படம் வரையும் சிறு அலகுகள்) எண்ணிக்கை 2304ஆ, 2048ஆ என்று பாருங்கள். 2048 என்றால் அது குறைந்த ரகம், விலையும் குறைய வேண்டும்.

கேள்வி (மதுரை): 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் புதுக் கார்டும் வாங்கியும் பழையபடிதான் இருக்கிறது.

பதில்: மானிட்டர் கேபிள் போர்டின் பின்பக்கத்தில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டில் உள்ள துளையில் மாட்டுங்கள், முடிந்தால் டிஸ்பிளேபோர்ட் கேபிளால். பிறகு விண்டோஸ் டிஸ்பிளே அமைப்புகளில் அட்வான்ஸ்டு டிஸ்பிளேக்குள் போய் ரிஃப்ரெஷ் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பது) 60இலிருந்து 144 ஆக்குங்கள். அது தானாக மாறியிருக்காது.

கேள்வி (திருநெல்வேலி): வாங்கிய 12ஆம் நாளே கார்டில் கோடு கோடாக வருகிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது, கம்பெனி சர்வீஸில் பாருங்கள்' என்கிறது கடை.

பதில்: முதலில் கோளாறு கார்டில்தானா என்று உறுதி செய்யுங்கள். வேறு கேபிள், வேறு மெஷின், இரண்டிலும் கோடு வந்தால் அதை வீடியோ எடுங்கள். கார்டில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணும் அதில் தெரியட்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள்ளும், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படியே. ஆகவே நாள் கடத்தாமல் இன்றே எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் மட்டும் விடாமல் மின்னஞ்சலும் அனுப்புங்கள். கம்பெனியின் வாரண்டி உங்களுக்குக் கூடுதல் வழி. அதைக் காட்டிக் கடை கை கழுவ முடியாது.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல கடைகள் இந்த அழைப்போடு இறங்கி வருகின்றன. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாகவே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கார்டைக் கடையில் ஒப்படைக்கும்போது வரிசை எண் எழுதிய ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். திரும்பி வருவது உங்கள் கார்டுதானா என்று பார்க்க அதுவும் நீங்கள் எடுத்த வீடியோவும் உதவும்.