கண்ணாடியில் ரேடியம் கட்டிங்: குமிழ் ஏன் நிற்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

கடைக் கண்ணாடியில் ரேடியம் கட்டிங், அதாவது வினைல் என்ற பிளாஸ்டிக் தாளில் வெட்டிய ஸ்டிக்கர் எழுத்து, ஒட்டுவது பற்றிக் காவிரி டெல்டாவிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

*

கேள்வி: வாசல் கண்ணாடிக்குக் கடைப் பெயரை ரேடியம் கட்டிங்கில் வெட்டி வாங்கி நானே ஒட்டினேன். சோப்புத் தண்ணீர் தெளித்துத்தான் ஒட்டினேன். இருந்தும் எழுத்து முழுக்க அம்மைத் தழும்பு போலக் குமிழ். மூன்றாம் நாளே ஓரம் தூக்கிக்கொண்டது. எங்கே தவறு?
– காபிக் கடைக்காரர், கும்பகோணம்

பதில்: குமிழும் ஓரம் தூக்குவதும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. கண்ணாடியில் எண்ணெய் இருந்திருக்கும், அல்லது தண்ணீரில் சோப்பு கூடியிருக்கும். உங்கள் தொழிலுக்கு முதல் சந்தேகம் எண்ணெய்தான். வடைச் சட்டியின் புகை, சாம்பிராணி, கற்பூரக் கரி எல்லாம் கண்ணுக்குத் தெரியாத படலமாகக் கண்ணாடியில் படிகின்றன. ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் குங்குமத்தைத் துடைத்த பிறகும் அந்த இடத்தில் ஒரு பூச்சு மிச்சம் இருக்கும். பசை கண்ணாடியைப் பிடிக்காமல் இந்தப் படலத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் மூன்றாம் நாள் விட்டுவிடுகிறது.

முதலில் கண்ணாடியை நனைத்து, பிளேடு பொருத்திய ஸ்கிரேப்பரால் ஒரே திசையில் வழித்தெடுங்கள். காய்ந்த கண்ணாடியில் பிளேடு வைத்தால் கீறல் விழும். அடுத்து சோப்புத் தண்ணீரில் கழுவி, வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். கடைசியாக 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கினால் லேபிளைப் படியுங்கள்; சிலவற்றில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும், அது ஆகாது. விபூதி, செய்தித்தாள், நீல நிறக் கண்ணாடி கிளீனர் ஆகியவை கண்ணாடியைப் பளபளக்க வைக்கும். ஆனால் ஏதாவது ஒன்றை விட்டுப்போகும். துடைக்கப் பலமுறை துவைத்த பழைய பருத்தி வேட்டித் துணி மிக நல்லது. வாசனைத் திரவத்தில் அலசிய துணி மட்டும் வேண்டாம்.

சுத்தமாயிற்றா என்று அறிய ஒரு வழி உண்டு. வெறும் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் விரித்த துணி போலப் பரவி வழிந்தால் சரி. முத்து முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. ஓரங்களிலும் மூலைகளிலும் கட்டாயம் பாருங்கள். ஸ்டிக்கர் முதலில் தூக்குவது அங்கேதான்.

இனி சோப்பு. 1 லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு போதும்; கால் டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம். வினைல் சற்று வழுக்கி நகர்வதற்கு மட்டும்தான் அது. நுரை பொங்கி நின்றால் அளவு கூடிவிட்டது என்று பொருள். அந்தச் சோப்பு பசைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் காய்ந்து தங்கிவிடும்.

ஒட்டும்போது ஸ்டிக்கரை மேசையில் எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்து, பின்தாளை அதன் மேலேயே மடித்துப் படுக்கையாக உரியுங்கள். பின்தாளிலிருந்து ஸ்டிக்கரைத் தூக்கினால் வினைல் இழுபடும். கண்ணாடி, பசைப் பக்கம் இரண்டும் நன்றாக நனைய வேண்டும். வறண்டு விட்ட இடமெல்லாம் காற்று சிக்கும். வைத்து, நகர்த்தி, நேர் பார்த்த பிறகு, எழுத்துகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் மேல் டேப்பின் (டிரான்ஸ்ஃபர் டேப்) மேலும் தண்ணீர் தெளியுங்கள். ஸ்க்வீஜியை (தண்ணீரையும் காற்றையும் தள்ளும் தட்டைப் பட்டை) 45 டிகிரி சாய்த்து நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள். ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பின் பாதியின் மேல் ஏற வேண்டும். முதல் சுற்று மெதுவாக, இரண்டாம் சுற்று அழுத்தமாக.

அடுத்து வருவது காத்திருப்பு. இங்கேதான் பலருக்குப் பொறுமை போகிறது. சாதாரண நாளில் 20 முதல் 30 நிமிடம், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். பிறகு காகித டேப்பின் முதுகை நனைத்து, ஒரு நிமிடம் விட்டு, டேப்பை அதன் மேலேயே மடித்தபடி கண்ணாடியை ஒட்டி இழுங்கள். எழுத்து கூடவே எழும்பினால் நிறுத்தி, திரும்பப் படுக்க வைத்து, அழுத்தி, இன்னும் பத்து நிமிடம் காத்திருங்கள். டேப் வந்த பின் ஸ்க்வீஜி முனையில் துணி சுற்றி ஓரங்களை இன்னொரு முறை அழுத்திவிடுங்கள்.

*

கேள்வி: எப்போது தண்ணீர் போட்டு ஒட்டுவது, எப்போது உலர்வாக ஒட்டுவது?
– ஸ்டிக்கர் கடை தொடங்கியிருப்பவர், தஞ்சாவூர்

பதில்: தொலைபேசி எண், நேரம் போன்ற சிறிய எழுத்துகளுக்கு உலர் முறையே நல்லது. அவற்றில் காற்று நிற்க இடமில்லை. தண்ணீர் போட்டால் பிடிப்பதற்குத்தான் தாமதம். ஸ்டிக்கரை இடத்தில் வைத்து, மேல் ஓரம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டிக் கீல் போலச் செய்யுங்கள். கீழிருந்து தூக்கி, பின்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தபடியே மேலிருந்து கீழாக ஸ்க்வீஜி போடுங்கள். ஸ்க்வீஜி தொடுவதற்கு முன் வினைல் கண்ணாடியைத் தொடக் கூடாது. உலர் முறையில் குமிழ் வருவது அந்த ஒரு கணத்தில்தான்.

ஒரு அடிக்கு மேல் அகலமான நிறப்பரப்பு, லோகோ, ஃப்ராஸ்டட் ஷீட் (பனி படர்ந்த கண்ணாடி போலத் தோன்றும் தாள்) இவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். ஃப்ராஸ்டட் ஒட்டியதும் பால் படிந்தது போல மங்கலாகத் தெரியும். அது அடியில் மிஞ்சிய ஈரம். சில நாளில் தானே காய்ந்துவிடும். அவசரப்பட்டு ஊசி குத்தாதீர்கள்.

பசையில் காற்று வெளியேற நுண்ணிய வரிகள் கொண்ட வினைலுக்குத் தண்ணீர் வேண்டாம். வரிகளுக்குள் நீர் தங்கிவிடும். உள்பக்கம் ஒட்டும் வேலைக்கும் அது ஒத்துவராது, வெளியிலிருந்து பார்க்கும்போது அந்த வரிகள் சல்லடை போலத் தெரியும். தண்ணீர் முறைக்குக் காகித டிரான்ஸ்ஃபர் டேப் வாங்குங்கள். பிளாஸ்டிக் டேப் ஈரத்தை வெளியே விடாது.

*

கேள்வி: கண்ணாடியில் ஒட்டி டேப்பை உரிக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளிகள் மட்டும் டேப்போடு வந்துவிடுகின்றன. சில எழுத்துகளின் நடுவில் கோடு போல வெட்டும் விழுகிறது.
– டிடிபி கடை, மன்னார்குடி

பதில்: புள்ளி தனித்தீவு. அதன் பரப்பு சிறியது. கண்ணாடியைப் பிடிக்கும் பசையும் அந்த அளவுதான். புள்ளியின் குறுக்களவு 4 மி.மீ.க்குக் குறையாமல் எழுத்தின் அளவைத் தேர்ந்தெடுங்கள்; வாடிக்கையாளர் சிறியதாகத்தான் வேண்டும் என்றால் புள்ளியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்குங்கள். அதிகப் பிசுபிசுப்புள்ள டேப்பைத் தவிருங்கள். உரிப்பதற்கு முன் ஒவ்வொரு புள்ளியின் மேலும் நகத்தால் தேய்த்துவிடுவது நல்ல பழக்கம்.

நடுவில் விழும் வெட்டுக்குக் காரணம் ஃபான்ட். பல தமிழ் ஃபான்ட்களில் எழுத்தும் அதன் கொம்பும் சுழியும் தனித்தனி வடிவங்களாக ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் பிளாட்டர் (வெட்டும் இயந்திரம்) இரண்டு கோடுகளையும் வெட்டும். கோரல் டிரா மென்பொருளில் எழுத்தைக் கர்வாக (கோட்டு வடிவமாக) மாற்றி, வெல்டு கொடுத்து (வடிவங்களை ஒன்றாக இணைத்து), வெளிக்கோடு மட்டும் தெரியும் வயர்ஃபிரேம் பார்வையில் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள். கவனிக்காவிட்டால் அந்த வெட்டு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், நாளடைவில் கொம்பு தனியே சுருண்டுகொள்ளும்.

பிளேடு ஆழத்தையும் பாருங்கள். பின்தாளில் லேசான தடம் மட்டும் தெரிய வேண்டும். தாள் அறுந்தால் அதன் பஞ்சு பசையில் ஒட்டி, கண்ணாடியில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும்.

*

கேள்வி: எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதையே தெளிக்கலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: வேண்டாம். தண்ணீர் ஆவியாகும், உப்பு வினைலுக்கு அடியிலேயே தங்கும். கேன் தண்ணீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் பயன்படுத்துங்கள்; ஒரு கடைக்கு 2 லிட்டரே அதிகம். கடைசி அலசலுக்கும் அதே தண்ணீர்தான்.

*

கேள்வி: எந்த நேரத்தில் ஒட்டலாம்? கடை மேற்குப் பார்த்தது. உள்ளே ஏ.சி. எதிரே சாலையில் நெல் காய வைக்கிறார்கள்.
– ஜவுளிக் கடை, திருவாரூர்

பதில்: மேற்குப் பார்த்த கடைக்குக் காலை நேரம், கிழக்குப் பார்த்ததற்கு மாலை. புறங்கையை வைத்துப் பாருங்கள். கண்ணாடி சுட்டால் வினைல் இளகி நீளும், பசை தொட்ட இடத்தில் கவ்வும், தெளித்த தண்ணீர் ஸ்க்வீஜி போடுவதற்குள் காய்ந்துவிடும். சித்திரை வெயிலில் மேற்குக் கண்ணாடியை மதியத்துக்குப் பின் தொடவே வேண்டாம்.

ஏ.சி. ஓடும் கடையில், புழுக்கமான நாளில் கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்க்கும். ஒட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அணைத்துவிடுங்கள்.

நெல் தூசிதான் உங்களுக்குப் பெரிய எதிரி. பின்தாளை உரிக்கும்போது வினைலில் உண்டாகும் நிலை மின்சாரம் தூசியை இழுக்கும். உரித்த உடனே பசைப் பக்கத்தில் தண்ணீர் தெளித்தால் அந்த இழுப்பு அடங்கும். வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நடுவில் ஒரு துகளோடு கூடாரம் போல எழும்பி நிற்பது காற்றுக் குமிழ் அல்ல. ஊசியால் அது போகாது.

முடிந்தால் உள்பக்கம் ஒட்டுங்கள். வெளித்தூசியும் மழையும் படாது. எழுத்தை மிரர் செய்து (இடவலம் திருப்பி) வெட்ட வேண்டும். பார்ப்பவருக்குத் தெரியப்போவது பசைப் பக்கம் என்பதால் வாங்கும் முன் வினைலின் பின்புற நிறத்தையும் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். பசை சாம்பல் நிறமாக இருந்தால் சிவப்பு நிறம் சிவப்பாகத் தெரியாது. எந்தப் பக்கம் ஒட்டினாலும் சட்டத்தின் ரப்பரிலிருந்து 3 மி.மீ. இடைவெளி விடுங்கள், அங்கே தேங்கும் நீர் ஓரத்தைத் தூக்கிவிடும்.

*

கேள்வி: கண்ணாடியின் கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்பு வினைல் ஒட்டினோம். சில வாரத்தில் கண்ணாடியே விரிசல் விட்டுவிட்டது. ஸ்க்வீஜியை அழுத்தியதாலா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: அழுத்தம் காரணமாக இருந்தால் அன்றே விரிசல் விட்டிருக்கும். கறுப்பு வெயிலை உறிஞ்சி அந்தப் பகுதியைச் சூடாக்கும். சட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஓரம் குளிர்ந்தே இருக்கும். சூடான பகுதி விரிய, ஓரம் இழுபட்டு உடைகிறது. விரிசல் ஓரத்திலிருந்து செங்குத்தாகப் புறப்பட்டிருந்தால் இதுதான் காரணம். டஃபன்டு (சூடேற்றி உறுதியாக்கியது) அல்லாத சாதாரணக் கண்ணாடியில், வெயில் நேரே விழும் இடத்தில், பெரிய பரப்புக்கு அடர் நிறம் ஒட்டாதீர்கள். வெள்ளை அல்லது ஃப்ராஸ்டட் போதும்.

*

கேள்வி: ஏற்கெனவே நின்றுவிட்ட குமிழை என்ன செய்வது?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: கடுகளவு குமிழை இரண்டு வாரம் வெயிலுக்கு விடுங்கள், வினைல் வழியாகக் காற்று மெல்லக் கசிந்து அடங்கிவிடும். பெரியதென்றால் மெல்லிய தையல் ஊசியைச் சாய்த்து, குமிழின் நடுவில் குத்தாமல் அதன் ஓரத்தில் குத்துங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து கட்டைவிரலால் துளையை நோக்கித் தள்ளினால் காற்று வெளியேறும். பிளேடால் கீறினால் அந்தக் கீறல் நாளடைவில் வாய் பிளக்கும். தள்ளிய பிறகும் மறுநாள் அதே இடம் எழும்பினால் அடியில் எண்ணெய் இருக்கிறது. அந்த எழுத்தை மட்டும் உரித்து, கண்ணாடியைக் கழுவி, புதிதாக வெட்டி ஒட்டுங்கள். பழைய பசையை மண்ணெண்ணெயால் எடுத்தால், அதன் பிசுக்குப் போகச் சோப்பிலும் பிறகு ஆல்கஹாலிலும் துடைத்த பின்பே புதியதை வையுங்கள்.