எக்ஸ்ரே அறைக்குப் பட்டப்படிப்பா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். என் மகள் இரண்டாம் பியூசி முடித்திருக்கிறாள். அவளுடைய நீட் மதிப்பெண்ணுக்கு அரசு எம்பிபிஎஸ் இடம் கிடைக்காது. பணம் கட்டிப் பல் மருத்துவத்தில் சேர்க்கச் சொல்கிறான் என் தம்பி. மகளோ எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கக் கற்றுத்தரும் பிஎஸ்சி மெடிக்கல் இமேஜிங்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். கொரோனா சமயத்தில் எல்லோரும் நர்சிங்குக்கு ஓடினார்கள், இப்போது எக்ஸ்ரே, லேப் போன்ற ‘அலைடு ஹெல்த்’ படிப்புகள் என்கிறார்கள். இந்த மவுசு நிலைக்குமா? கதிர்வீச்சை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.
— ஒரு தாய்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மவுசு நிலைக்காது. ஆனால் அதைக் காரணமாகக் காட்டி உங்கள் மகளின் விருப்பத்தைத் தள்ளிவிட வேண்டியதும் இல்லை.

ஒரு படிப்புக்கு இந்த ஆண்டு எத்தனை பேர் முட்டி மோதுகிறார்கள் என்பதை வைத்து, அவர்கள் படித்து முடிக்கும் ஆண்டில் எத்தனை வேலை இருக்கும் என்று கணக்கிட முடியாது. இங்கிலாந்தில் 2017இல் நர்சிங் மாணவர்களுக்கான உதவித்தொகையை நிறுத்தியதும் விண்ணப்பங்கள் சரிந்தன. கொரோனா காலத்தில் ஏறின. தொற்று அடங்கியதும் மறுபடி இறங்கின. இத்தனைக்கும் அங்குள்ள ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் பற்றாக்குறை இந்த ஆண்டுகள் முழுவதும் இருந்துகொண்டேதான் இருந்தது. நம் நாட்டில் கூட்டத்தை அங்குமிங்கும் தள்ளுவது பெரும்பாலும் நீட். 2024இல் சுமார் 24 லட்சம் பேர் அதற்குப் பதிவு செய்தார்கள். எம்பிபிஎஸ் இடங்களோ, 2014இல் இருந்த ஏறத்தாழ 51 ஆயிரம் இரு மடங்கான பிறகும், ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தன. மற்றவர்கள் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? ஒரு காலத்தில் அவர்களுக்கு அடுத்த வாசல் பல் மருத்துவமாக இருந்தது. இன்று கர்நாடகத்திலேயே தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன.

உங்கள் தம்பியின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளலாம் என்பது நம் குடும்பங்களில் சின்ன விஷயமல்ல. ஆனால் பயிற்சியோடு சேர்த்து ஐந்து ஆண்டுகள் படித்து, அதன்பின் இந்த ஊர் வாடகையில் ஓர் இடம் பிடித்து, நாற்காலியும் கருவிகளும் வாங்கிப் போட்டு நோயாளிகளுக்காகக் காத்திருக்கப் போவது அவரல்ல, தனக்கு விருப்பமில்லாத படிப்பைப் படித்த உங்கள் மகள்.

அலைடு ஹெல்த் பக்கம் கண்கள் திரும்பியதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும் இருந்ததைப் போன்ற தேசிய அளவிலான ஒழுங்குமுறை அமைப்பு எக்ஸ்ரே, லேப், பிசியோதெரபி துறையினருக்கு நெடுங்காலம் இருந்ததில்லை. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம்தான் அவர்களுக்கென்று தேசிய ஆணையத்தையும் மாநில கவுன்சில்களையும் பதிவேட்டையும் கொண்டுவந்தது. ஆகவே எந்தக் கல்லூரியாக இருந்தாலும், முதலில் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றின் அங்கீகாரம் இருக்கிறதா, இந்தப் பட்டத்தை வைத்து மாநில கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதைவிட முக்கியமானது பயிற்சி தரும் ஆஸ்பத்திரி. இந்தப் படிப்பில் மூன்றாண்டு வகுப்புக்குப் பின் ஓராண்டுப் பயிற்சி உண்டு என்பதால், அந்த ரேடியாலஜி பிரிவை ஒரு வேலை நாளில் மகளோடு நேரில் போய்ப் பாருங்கள். சிடி அறையின் கண்ணாடிக்குப் பின்னால் பத்து மாணவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க, ஒருவர் மட்டும் நோயாளியைப் படுக்க வைத்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, லேசர் கோட்டை உடம்போடு பொருத்துகிறார் என்றால், மற்ற ஒன்பது பேருக்கும் அந்தக் கைப்பழக்கம் எப்போது வரும் என்று கேளுங்கள். சீனியர் மாணவர்களிடம் தனியாகப் பேசினால், ஸ்டைபெண்ட் உண்டா, இரவுப் பணி எப்படி என்பதெல்லாம் வெளிவந்துவிடும். அல்ட்ராசவுண்டும் கற்றுத்தந்து வேலை வாங்கித் தருவோம் என்று எந்த ஏஜென்ட்டாவது சொன்னால் நம்பாதீர்கள். வெளிநாடுகள் சிலவற்றில் அது தனித் தொழில், இங்கே கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் தகுதி பெற்ற மருத்துவர்கள் செய்யும் வேலை.

கதிர்வீச்சைப் பற்றி: எம்ஆர்ஐ கருவியில் எக்ஸ்ரே கிடையாது. எக்ஸ்ரே, சிடி அறைகளில் வேலை செய்வோர் மார்பில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே, கதிர்வீச்சைப் பதிவு செய்யும் டிஎல்டி பேட்ஜ் ஒன்றை அணிய வேண்டும்; அதைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பி, உடம்பில் பட்ட அளவைக் கணக்கெடுக்கிறார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அந்த அளவுக்கு உச்சவரம்பு விதித்திருக்கிறது. கருவுற்ற பணியாளருக்கு அது இன்னும் குறைவு. நீங்கள் பார்க்கப் போகும் ஆஸ்பத்திரியில் பயிற்சி மாணவர்களுக்கு அந்த பேட்ஜ் தருவதில்லை என்று தெரிந்தால், விண்ணப்பப் படிவம் வாங்காமலே திரும்பி விடுங்கள்.